வெளுத்ததெல்லாம் வெளிச்சமா?

பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களிடையே சில ஆண்டுகளாக ஒரு தொற்று பரவி வருகிறது. அம்பாசடரோ, பிரீமியர் பத்மினியோ, முதல் தலைமுறை மாருதி 800ஓ, எதுவாயினும் அதன் உட்கூரை விளக்கையும் டாஷ்போர்டு விளக்குகளையும் பிடுங்கி எறிந்துவிட்டு, அவ்விடத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகவோ நீலம் பாய்ந்த வெள்ளையாகவோ எரியும் எல்.இ.டி. பல்புகளைச் செருகிவிடுகிறார்கள். இதற்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் ‘மேம்படுத்தல்’. செலவு ஒருவேளை ஓட்டல் சாப்பாட்டுக்கு ஆகும் தொகைதான். நேரம் கால் மணி. பெருமை மட்டும் சொல்லி மாளாது.

இந்தச் செய்கையில் பெரும்பகுதி மேம்பாடே அன்று என்பது நம் கட்சி. எல்.இ.டி. என்ற பொருள்மீது நமக்குப் பகையில்லை. அது நல்ல பொருள். அதற்குரிய இடமும் காருக்குள் உண்டு. வெள்ளையாக இருப்பதால் நல்லது, கண்ணைப் பறிப்பதால் உயர்ந்தது, புதிதாக வந்ததால் சரியானது என்ற மூன்று மூடநம்பிக்கைகளோடு மட்டுமே நமக்கு வழக்கு. இலக்கியம் பேசுகிறவர்களுக்குக் கார் பல்பில் என்ன வேலை என்று கேட்பார் இருக்கக்கூடும். ‘மேம்படுத்தல்’ என்ற சொல்லை ஒருவர் பயன்படுத்தினால், ‘மேல்’ எந்தப் பக்கம் என்று கேட்கும் உரிமை சொல்லோடு உறவுள்ள எல்லார்க்கும் உண்டு என்பதே நம் மறுமொழி.

வெளிச்சத்தை அளந்து கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருந்தது. அதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. காஞ்சிபுரம் பக்கத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. அங்குள்ள அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றி அது பேசுவதால், மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் அதை விடாமல் மேற்கோள் காட்டுவார்கள். அவர்கள் அவ்வளவாகக் கவனிக்காத பகுதி ஒன்றும் அதில் இருக்கிறது. அங்கே தங்கிப் படித்த மாணவர்களுக்கு உறங்கப் பாயும், சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெயும், இரவில் விளக்கெரிக்க எண்ணெயும் நிவந்தமாக விடப்பட்டிருந்தன. விளக்கெண்ணெய் தனிச் செலவு, தனிக் கணக்கு. சோழர் காலக் கோயில்களில் ஒரு நந்தா விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் என்றும், நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் என்றும் கல்லில் வெட்டி வைத்ததும் இதே மனப்பான்மைதான். எந்த இடத்தில், எவருக்காக, எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பது முதலில் வந்தது; எண்ணெயின் அளவு அதன்பின் வந்தது.

பழைய காரின் உள்விளக்கையும் அப்படி ஒருவர் உட்கார்ந்து கணக்கிட்டுத்தான் வைத்தார். உட்கூரையில் இருக்கும் நீள்வடிவப் பல்பு, இருபுறமும் உலோகக் கூம்பு முனை கொண்டது, பெரும்பாலும் 12 வோல்ட், 5 வாட். அது தரும் ஒளி ஏறத்தாழ 45 லூமன். டாஷ்போர்டில் வேகமானிக்குப் பின்னால் இருக்கும் திருகுப் பல்புகள் பல பழைய பிரிட்டன் வழிக் கார்களில் 2.2 வாட் மட்டுமே. கதவைத் திறந்தால் கால் வைக்கும் இடம் தெரிய வேண்டும், கீழே விழுந்த சில்லறை கிடைக்க வேண்டும், முள் எங்கே நிற்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்தால் புலப்பட வேண்டும். அவ்வளவுதான் வேலை. 1957-58 அளவில் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து அம்பாசடரை உருவாக்கிய உத்தர்பாராக்காரர்களானாலும் சரி, நம் பக்கத்து வண்டலூரில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு செய்த சென்னைக்காரர்களானாலும் சரி, இதற்குமேல் கேட்கவில்லை. கஞ்சத்தனத்தால் மட்டும் கேட்காமல் இருந்தார்கள் என்று நாம் நினைக்கவில்லை.

இனி, எதிர்க்கட்சியின் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மின்சாரம் மிச்சம் என்பது முதல் வாதம். வீட்டுக்கு இது முழு உண்மை. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தால் எல்.இ.டி. பல்பு சாமானியர் வீட்டுக்குள்ளும் வந்தது, மின்கட்டணம் குறைந்தது, மகிழ்ச்சி. ஆனால் ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் எரியும் கூடத்து விளக்கின் நியாயத்தை, ஒரு நாளில் பத்து நிமிடம் எரியும் கார் விளக்கின்மேல் ஏற்றுவது என்ன கணக்கு? 5 வாட் பல்பு நாளுக்குப் பத்து நிமிடம் வீதம் ஆண்டு முழுவதும் எரிந்தாலும் ஆகும் செலவு ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதைச் சேமித்து உலகைக் காக்கப் புறப்பட்டவர்கள், அடுத்த சிக்னலில் எஞ்சினை அணைத்தால் போதும். விளக்கை அணைக்க மறந்து கதவைச் சாத்திவிட்டுப் போகிறவர்களுக்கு மட்டும் இந்த வாதத்தில் ஒரு துளி உண்மை உண்டு. பத்து மணி நேரம் எரிந்தால் இழைப் பல்பு நாலு ஆம்பியர்-மணியைக் குடித்துவிடும், எல்.இ.டி. அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும் என்று இருந்துகொள்ளும். பேட்டரி கிழமாகிவிட்டவர்களுக்குக் காலையில் வித்தியாசம் தெரியும்.

நீடித்து உழைக்கும் என்பது இரண்டாவது. அட்டையில் 50,000 மணி நேரம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். நாளுக்குப் பத்து நிமிடம் என்றால் அது 820 ஆண்டுகளுக்கு மேல் வருகிறது. வீரராஜேந்திரன் கல்வெட்டோடு போட்டிக்கு நிற்கும் ஆயுள்! வெப்பமும் மின்னோட்டமும் கட்டுக்குள் இருக்கும் நிலையில் அந்தச் சில்லு காணக்கூடிய ஆயுளை எடுத்து, ஒற்றை மின்தடையை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டிருக்கும் மலிவுப் பல்பின் தலையில் கட்டியிருக்கிறார்கள். பழைய காரின் மின்னழுத்தம் 12இல் நிற்பதில்லை. ஓடும்போது 14க்கு மேல் போகும். ரெகுலேட்டர் சரியில்லாத வண்டியில் இன்னும் மேலே துள்ளும். அந்தத் துள்ளலை இழைப் பல்பு சற்றே பிரகாசித்துச் சமாளித்துக்கொள்ளும். மலிவு எல்.இ.டி. சில மாதங்களில் கண்சிமிட்டத் தொடங்கிவிடும்.

நன்றாகத் தெரிகிறது என்பது மூன்றாவது வாதம். உண்மையான வழக்கு இங்கேதான் இருக்கிறது. காருக்குள் நன்றாகத் தெரிவதற்காகவா இரவில் கார் ஓட்டுகிறோம்?

திருமுக்கூடலுக்கும் எதிர்க்கரைப் பழைய சீவரத்துக்கும் இடையே பாலாற்றின் குறுக்கே போகும் பாலத்தை இரவில் கடந்தவர்களுக்கு நாம் சொல்வது புரியும். இருபுறமும் மணற்பரப்பும் இருளும். சுற்று வட்டாரத்துக் கல்குவாரிகளிலிருந்து லாரிகள் எதிரே வரும். விளக்கில்லாத மிதிவண்டி, மாடு, கரும்பு ஏற்றிய வண்டி எதுவும் எப்போதும் தட்டுப்படலாம். இந்த இருளுக்குக் கண் பழகுவது சட்டென்று நடக்கும் காரியமன்று. விழித்திரையின் குச்சி செல்கள் முழுமையாக விழித்தெழ 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. அந்தச் செல்கள் நீலப்பச்சை ஒளிக்கு மிகவும் கூச்சப்படுபவை. சிவப்பு, ஆரஞ்சு ஒளியை ஏறக்குறையப் பொருட்படுத்தாதவை. மங்கலான செம்மஞ்சள் டாஷ்போர்டு விளக்கு அவற்றை அதிகம் தொல்லைப்படுத்தாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே. நீலம் கலந்த வெள்ளை எல்.இ.டி. கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, அரை மணி நேர உழைப்பை ஒரு நொடியில் கலைத்துவிடுகிறது. பின்னிருக்கையில் யாரோ செருப்பைத் தேட விளக்கைப் போடுவார். ஓட்டுகிறவர் அடுத்த சில நிமிடங்களுக்கு அரைக் குருடர்.

போதாக்குறைக்குப் பழைய கார்களின் முன்கண்ணாடி அதிகம் சாயாமல் நிற்பது. உள்ளே எரியும் எதுவும் அதில் பிம்பமாக விழும். 2.2 வாட் இழைப் பல்பு எரிந்த இடத்தில் அதைப்போலப் பன்மடங்கு ஒளிரும் ஒன்றை வைத்தால், சாலைக்கு நடுவே வேகமானி மிதந்துகொண்டு வருகிறது. குறைத்துக்கொள்ளலாமே என்பார்கள். அம்பாசடர் காலத்து டாஷ்போர்டுகளில் ஒளியைக் குறைக்கும் குமிழ் இருந்தால், அது கம்பிச் சுருள் மின்தடை. இழைப் பல்பு இழுக்கும் மின்னோட்டத்தை நம்பிச் செய்யப்பட்டது. எல்.இ.டி. இழுப்பதோ சொற்பம். குமிழைத் திருகினால் ஒன்றும் நடக்காது. திருகிக்கொண்டே போகலாம், பொழுது போகும்.

நிற்க. காஞ்சிபுரத்தைத் தொட்டுவிட்டுப் பட்டைத் தொடாமல் வர முடியாது. இந்த வழக்கில் பட்டும் ஒரு சாட்சி.

காஞ்சிப் பட்டு வாங்கத் தெரிந்த பெண்கள் கடையின் வெளிச்சத்தை நம்புவதில்லை. புடவையை எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு வருவார்கள். வெயிலில் பிரித்து, உடலையும் கரையையும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார்கள். எந்தக் கல்லூரியிலும் பாடமாக வைக்கப்படாத இந்த அறிவு முழுக்க முழுக்க அறிவியல். ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பது சாயத்தை மட்டும் பொறுத்ததன்று, அதன்மேல் விழும் ஒளியில் என்னென்ன நிறங்கள் இருக்கின்றன என்பதையும் பொறுத்தது. நாம் வெள்ளை எல்.இ.டி. என்று சொல்வதன் உள்ளே இருப்பது ஒரு நீலச் சில்லு. 1993இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைக் கொண்டுவந்தார், அவருக்கும் அகசாகி, அமானோ இருவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலச் சில்லின்மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பரைப் பூசினால், நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. மலிவான வகையில் ஆழ்ந்த சிவப்புக்குப் பஞ்சம். அரக்குப் புடவை அதன்கீழ் காய்ந்த ரத்தம் போலப் பழுப்பேறிக் கிடக்கும். குங்குமச் சிவப்பு சோகை பிடித்துவிடும். பாவும் ஊடையும் வெவ்வேறு நிறமாக நெய்யப்பட்டு, அசைய அசைய நீலமும் பச்சையுமாக மாறும் மயில்கழுத்து, ஒரே சலிப்பான நிறத்தில் நின்றுபோகும்.

முகூர்த்தப் புடவை எடுத்துக்கொண்டு மாலையில் ஊர் திரும்பும் குடும்பம், பழைய அம்பாசடரின் பின்னிருக்கையில் பொட்டலத்தை அவிழ்த்துப் பார்த்து, ‘கடையில பாத்த கலர் இல்லையே’ என்று முகம் வாடுவதற்கு நெசவாளர் குற்றவாளியல்லர். அவர் பல நாள் தறியில் உட்கார்ந்து நெய்த நிறத்தைப் பல்பு தின்றுவிட்டது.

இழைப் பல்பு மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். அதற்கும் ஓரவஞ்சனை உண்டு. சிவப்பையும் மஞ்சளையும் சீராட்டி வளர்க்கும், கருநீலத்தையும் கறுப்பையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் அதன் ஒளியில் எந்த நிறமும் அறவே விடுபட்டுப் போவதில்லை. விளக்கில் எரியும் தீயைப் போலத் தொடர்ச்சியானது. அதன் கோணலைத் தலைமுறை தலைமுறையாக அகல் விளக்கடியில் வாழ்ந்த நம் கண் அறிந்து, தானே திருத்திப் படித்துக்கொள்ளும். எல்.இ.டி.யிலும் நல்லவை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். நிறங்காட்டும் திறனுக்கு நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் தருகிறார்கள். 80 என்றால் பரவாயில்லை, 90க்கு மேல் நன்று. இதிலும் ஒரு சூது: அந்த எண் எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி. ஒன்பதாவதாக இருக்கும் ஆழ்ந்த சிவப்பைச் சராசரியில் சேர்ப்பதில்லை. 80 வாங்கிய பல்பு, சிவப்பில் ஏறத்தாழச் சுழியம் வாங்கியிருக்க முடியும். எல்லாப் பாடத்திலும் தேறி, தமிழில் மட்டும் தோற்ற பிள்ளையை நமக்குத் தெரியாதா என்ன!

அழகும் கண்ணும் ஒருபுறம் இருக்கட்டும். வண்டியே நின்றுபோகும் விவகாரம் ஒன்று இருக்கிறது. ‘எல்லாத்தையும் மாத்திடலாம் சார்’ என்று ஆர்வத்தோடு டாஷ்போர்டைக் கழற்றுகிறவர்கள், அதில் சிவப்பாக எரியும் பேட்டரி எச்சரிக்கை விளக்கையும் விட்டுவைப்பதில்லை. அது வெறும் விளக்கன்று. ஆல்டர்னேட்டர் பொருத்திய பழைய கார்கள் பலவற்றில், எஞ்சினைக் கிளப்பும்போது ஆல்டர்னேட்டரின் காந்தச் சுருளுக்கு முதல் மின்னோட்டம் அந்தப் பல்பின் இழை வழியாகத்தான் போகிறது. அதுதான் அடுப்பை மூட்டும் தீக்குச்சி. எல்.இ.டி. விடும் சொற்ப மின்னோட்டம் மூட்டப் போதாமல் போகலாம். தலைகீழாகச் செருகிவிட்டாலோ ஒன்றுமே போகாது, விளக்கும் எரியாது. எரியாததைக் கண்டு ‘எல்லாம் நலம்’ என்று ஓட்டுநர் போய்க்கொண்டிருப்பார்.

எங்கள் நண்பர் ஒருவரின் பெட்ரோல் அம்பாசடரில் இதுவே நடந்தது. ஒரு கடையில் டாஷ்போர்டு முழுவதையும் ‘வெள்ளையடித்து’ வாங்கி வந்தார். உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு திருமணத்துக்குப் போய்விட்டு இரவில் திரும்புகையில், ஹெட்லைட் மெல்ல மெல்லப் பழுத்து, ஆற்றுப் பாலத்துக்குச் சற்று முன்னால் எஞ்சினும் அடங்கிவிட்டது. ஆல்டர்னேட்டர் முழுத் தூக்கத்தில் இருக்க, பேட்டரி ஒன்றே அத்தனை நேரமும் விளக்குகளையும் இக்னிஷனையும் சுமந்திருந்தது. ஊர் மெக்கானிக் வந்து, பழைய பல்பு ஒன்றைத் தேடிச் செருகி, வேறொரு பேட்டரியைக் கொடுத்துக் கிளப்பிவிட்டார். கடைக்காரர் மறுநாள் சொன்ன விளக்கம்: ‘பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்.’

டைனமோ பொருத்திய இன்னும் பழைய வண்டிகளில் கதை வேறு. அவற்றில் அந்தச் சிவப்பு விளக்கு பேட்டரிக்கும் டைனமோவுக்கும் நடுவே நிற்கும் மத்தியஸ்தர். டைனமோ உற்பத்தி செய்யாவிட்டாலும் எரியும்; உற்பத்தி செய்தும் கட்-அவுட் மூடாமல் பேட்டரிக்குப் போய்ச் சேராவிட்டாலும் லேசாக எரியும். ஏனெனில் இழைக்கு மின்சாரம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஒன்றுதான். எல்.இ.டி. ஒருவழிப் பாதை. இரண்டாவது கோளாறு வரும்போது அது வாய் திறக்காது. எச்சரிப்பதற்கென்றே வைத்த ஒன்றைப் பாதி ஊமையாக்கி, அதற்கு மேம்படுத்தல் என்று பெயர் சூட்டுவதை என்னென்பது! நேர்மின் முனையை உடலோடு இணைத்த பழைய பிரிட்டன் கார்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. அவற்றில் கடைச் சரக்கு பாதி எரியவே எரியாது.

இதையெல்லாம் படித்துவிட்டுத் தூய்மைவாதிகள் கைதட்டக் கூடும். அவர்களோடும் நமக்கு ஒட்டில்லை. தொழிற்சாலையில் வைத்த பல்பைத் தவிர எதையும் தொடக்கூடாது என்று சொல்பவர்கள் இரண்டு செய்திகளை மறக்கிறார்கள். 5 வாட் பல்பு சூட்டால் உட்கூரை விளக்கின் பிளாஸ்டிக் மூடியை மஞ்சளாக்கி, நொறுங்க வைக்கிறது. வண்டலூர்த் தொழிற்சாலை 1980களின் இறுதியிலேயே ஓய்ந்துவிட்ட நிலையில் ஹெரால்டு மூடி உடைந்தால் எங்கே போவது? அந்த ஓரிடத்தில் சூடில்லாத எல்.இ.டி. காரைக் காப்பாற்றும் மருந்து. இரண்டாவது, சட்டம். பல்பை மாற்றினால் பாரம்பரியம் போய்விடும், பதிவு ரத்தாகும் என்றெல்லாம் பயமுறுத்துகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுப்பது பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் மாறும்படியான மாற்றங்களை. உட்கூரைப் பல்பு எந்தச் சான்றிதழில் எழுதப்பட்டிருக்கிறது? 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கென்று 2021 ஜூலையில் வந்த விதிகளும், சட்டகத்தையும் உடலையும் எஞ்சினையும் பெரிதாக மாற்றாதிருப்பதைத்தான் கேட்கின்றன.

ஆகவே மாற்ற விரும்புகிறவர் மாற்றட்டும். உட்கூரையில் மட்டும் மாற்றட்டும். நிற வெப்பநிலை 2,700 கெல்வினை ஒட்டி, நிறங்காட்டும் எண் 90க்கு மேல், ஒளி பழைய பல்பின் 45 லூமனை ஒட்டியதாக இருக்கட்டும். வேகமானிக்குப் பின்னால் இருப்பதைத் துடைத்துவிட்டு அப்படியே விடலாம். பிரதிபலிப்பான் தூசு போனாலே பாதி மங்கல் தீரும். சிவப்பு எச்சரிக்கை விளக்கின்மேல் யார் கை வைத்தாலும் தடுக்க வேண்டும்.

இந்த மூன்று எண்களும் பல்பு அட்டையில் அச்சிடப்பட்டிருந்தால் வாங்குகிறவர் தாமே தேர்ந்துகொள்வார். வீட்டுக்கு வாங்கும் எல்.இ.டி. பல்பு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு பெற்று, வாட்டும் லூமனும் அச்சிட்டுக்கொண்டு வருகிறது. கார் உள்விளக்குக்கென்று கடைகளில் தொங்கும் அட்டைகளில் நாம் பார்த்தவரை எழுதியிருப்பது ‘சூப்பர் வொயிட்’ என்பதும், ஓர் ஓநாயின் படமும்தான். நெய்யை உழக்கால் அளந்து கல்லில் வெட்டி வைத்த ஊர்க்காரர்கள் கடையில் கேட்கத் தொடங்கலாம்: எத்தனை லூமன், எத்தனை கெல்வின், சிவப்பு எப்படி என்று. கடைக்காரர் முதலில் விழிப்பார். பத்துப் பேர் கேட்டபிறகு மொத்த வியாபாரியிடம் அவரே கேட்பார்.